ஓடும் வரிக்கு ஒரு பிளாஸ்திரி

முடிவெட்டும் கடையில், கழுத்தில் கத்தி இருக்கும்போது காதில் விழுகிற வதந்தியை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஊரின் பாதி வதந்திகள் அங்கே பிறப்பதும், மீதிப் பாதி அங்கே வந்து முகம் மழித்துப் புதுப்பொலிவோடு கிளம்புவதும் அதனால்தான்.

"விஷயம் தெரியுமா சார்? பஸ் டிப்போ பின்னாடி சர்க்கார் கிளினிக் இருக்கே, அந்த டாக்டரம்மா டி.வி.க்குக் கட்டுப் போட்டுட்டாங்களாம்" என்றார் கடைக்காரர்.

"எதுக்கு?"

"எலும்பு முறிஞ்சிருக்கும்."

பக்கத்து நாற்காலியில் சோப்பு நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "கட்டெல்லாம் இல்லைய்யா. கல்லால அடிச்சு உடைச்சாங்க. என் மச்சான் கண்ணால பார்த்தான்."

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே தீர்ப்புச் சொன்னார். "உடைக்கலை. ஊசி போட்டாங்க. அன்னிலேர்ந்து டி.வி. மயக்கத்துல இருக்கு."

மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் நான் நம்ப மாட்டேன். கூடிப் பேசி வைத்திருப்பார்கள். மூன்று பேர் மூன்று மாதிரி சொன்னால் அடியில் ஏதோ ஒன்று உண்மையாகவே நடந்திருக்கிறது. மீசையின் இரண்டு பக்கமும் சமமாகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, நேரே டிப்போவுக்கு நடந்தேன்.

அந்தக் கிளினிக் ஒரு காலத்தில் டயர் வைக்கிற அறையாக இருந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும், ஸ்பிரிட் வாசனையை மீறி ரப்பர் வாசனை எட்டிப் பார்க்கும். காத்திருப்பவர்கள் உட்காரப் பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய இருக்கைகள்; ஒன்றின் முதுகில் 'ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதீர்' என்ற எச்சரிக்கை இன்னும் அழியவில்லை. அதற்கு எதிரே இருப்பது வெறும் சுவர். வெளியே பஸ் கிளம்பினால் உள்ளே டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நோயாளி மார்பில் வைத்தபடியே காத்திருப்பார். "பஸ் போகட்டும். அப்புறம் உங்க இதயத்தைக் கேக்கறேன். இப்போ ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

சுவரில் டி.வி. இருந்தது. உடையவில்லை, மயங்கவுமில்லை, முழுச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வதந்தியில் ஒரு பங்கு உண்மை: திரையின் அடிப்பகுதியில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, வெள்ளை மருந்துப் பிளாஸ்திரி. ஒரு பட்டையின்மேல் இன்னொரு பட்டையாக, ஓரம் பிசகாமல், தொழில் தெரிந்த கை ஒட்டியது. செய்தியில் சிவப்பு எழுத்து ஓடுமே, சரியாக அந்த இடம். செய்தி வாசிக்கிறவர் மோவாய்க்கட்டையில் அடிபட்டவர்போல உட்கார்ந்து உலகத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மோவாய் யாருதுன்னு தெரியுமா?" என்றார் சிஸ்டர், மருந்துச் சீட்டு அடுக்கிக்கொண்டே. "எங்க டாக்டரோட சொந்தத் தம்பி."

இங்கேயே நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுவார். டி.வி.யைப் பற்றிக் கேட்டதும் முகம் பூரித்துப் போயிற்று.

"வாங்க, உட்காருங்க. யாருமே காரணம் கேக்கலை. எல்லாரும் எனக்குப் பைத்தியம்னுட்டுப் போயிட்டாங்க. இங்க வெயிட் பண்றவங்களுக்கு பிரஷர் எப்பப் பார்த்தாலும் ஏறிக் கிடந்தது. ஒருநாள் கரண்ட் இல்லை. அன்னிக்கு வந்த அதே ஆளுங்களுக்கு இறங்கியிருந்துச்சு. காத்து இல்லாம வேர்த்து ஊத்துது, ஆனா பிரஷர் சமத்தா இருக்கு! என்னடான்னு பார்த்தா, இது." டி.வி.யைக் காட்டினார். "'உங்கள் சமையலறையில் ஒளிந்திருக்கும் எமன்'னு கீழே ஓடுது. எமன் யாருன்னு சொல்ல மாட்டான். விளம்பரம் முடியணும். அதுக்குள்ள நம்ம ஆளு உப்பு, எண்ணெய், பொண்டாட்டி எல்லாத்தையும் சந்தேகப்பட்டுடறார்."

"கழட்டிட வேண்டியதுதானே?"

"கூடாதாம். சுகாதார விழிப்புணர்வுக்காகக் கொடுத்த டி.வி. கிளினிக் நேரம் பூரா ஓடணும்னு உத்தரவு. மறைக்கக் கூடாதுன்னு உத்தரவு இல்லை. பிளாஸ்திரி ஒட்டின பிறகு பிரஷர் பரவாயில்லை. ஆனா இது ஆராய்ச்சி இல்லை, சும்மா என் கண்ணுக்குப் பட்டது. எழுதிடாதீங்க. எழுதினா 'டி.வி. பார்த்தால் மாரடைப்பு, டாக்டர் அதிர்ச்சித் தகவல்'னு அதே வரியில என் பேரு ஓடும்."

பஸ் இருக்கையிலிருந்த ஒரு மெலிந்த பெரியவரைக் கண்ணால் காட்டினார். ஓய்வுபெற்ற தபால்காரர். ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கம் ஒன்று விடாமல் படிப்பவர். ஒரு வாரம் சர்க்கரையை நிறுத்தினார். அடுத்த வாரம் பாலை. அதற்கடுத்த வாரம் வாழைப்பழம் இதயத்துக்கு ஆகாது என்று யாரோ எழுதியிருந்தார்கள். "இப்போ கவலையை மட்டும்தான் சாப்பிடறார். அது மட்டும் நல்லாச் செரிக்குது."

"உங்க தம்பிகிட்ட சொல்லலாமே?"

"சொல்லாமலா? அவன் பிறவியிலேயே அப்படி. சின்ன வயசுல நான் கால் தடுக்கினா போதும், 'அம்மா, அக்கா செத்துட்டா!'ன்னு தெருக்கோடி வரைக்கும் ஓடுவான். நான் எழுந்து பின்னாலயே ஓடி, 'சாகலை, சாகலை'ன்னு வீடு வீடா சொல்லிட்டு வருவேன். இன்னிக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேர் உத்தியோகமும் அதுதான்."

இந்த அக்காவைத் தம்பி ஒருமுறை தன் எட்டு மணி விவாதத்துக்கு அழைத்திருக்கிறார். பள்ளிக்கூடங்களில் காய்ச்சல் பரவிய சமயம். வட்ட மேசையைச் சுற்றி ஒரு நடிகர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், எதற்கென்றே தெரியாமல் ஒரு வானிலை நிபுணர், இவர்.

"டாக்டர், இது ஆபத்தான மர்மக் காய்ச்சலா?" என்று தம்பி கேட்டார்.

"தெரியாது."

"அப்போ ஆபத்து இல்லைங்கறீங்க?"

"அதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனை முடிவு வரணும்."

"மக்கள் பதற்றத்துல இருக்காங்க டாக்டர்! அவங்களுக்கு உங்க பதில் என்ன?"

"டேய், கத்தாதே. தெரியாததைத் தெரியாதுன்னுதான்டா சொல்லணும். மர்மம் காய்ச்சல்ல இல்லை. முடிவு வர்றதுக்குள்ள பேரு வைக்கிறியே, உன்கிட்ட இருக்கு."

நேரலை. நாடு முழுக்கப் பார்த்தது. நடிகர் கைதட்டிவிட்டார். தம்பி அவசரமாக விளம்பர இடைவேளை விட்டார். அங்கேதான் டாக்டர் ஒரு தவறு செய்தார். விளக்கு மங்கியது, எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள்; நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்து, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். காலரில் குத்திய மைக்கும் கூடவே போயிற்று. இடைவேளை முடிந்தபோது வட்ட மேசையில் ஒரு நாற்காலி காலி.

மைக்கை மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார். மீதிப் பாதி விவாதம் பாக்கி நின்றது. 'தெரியாது டாக்டர்' என்ற பெயரும் நிலைத்தது. அந்தப் பெயருக்கு அப்புறம்தான் கிளினிக்கில் கூட்டம் அதிகம் என்று சிஸ்டர் கிசுகிசுத்தார். தெரியாது என்று சொல்கிற டாக்டர் தெரியும் என்று சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்பது ஜனங்களின் கணக்கு.

இதுவரை வேடிக்கை. அடுத்து டாக்டர் சிஸ்டரின் மேசைக்குப் பின்னாலிருந்த சின்ன ஃப்ரிட்ஜைக் காட்டினார். தடுப்பூசி மருந்து இருக்கும் பெட்டி. அதன் அருகே ஒரு முக்காலியில், மடியில் தொப்பியோடு ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு வேன். அதன் படியில் இரண்டு சுமைதூக்குபவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க மூணு பேரும் இந்த ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போக வந்திருக்காங்க" என்றார் டாக்டர், மாப்பிள்ளை வீட்டாரை அறிமுகப்படுத்துகிற குரலில்.

"தூக்கத்தான்னு இல்லை" என்று அதிகாரி சங்கடப்பட்டார். "தேவைப்பட்டால்தான். சாயங்காலம்வரை இருந்து பார்ப்பேன். இன்னும் ஒரு பாட்டில் வீணானால் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி உத்தரவு. இல்லைன்னா வெறும் வண்டியாப் போறேன்." பாவம், நல்ல மனிதர். உத்தரவை மட்டும் எழுத்து நடையில் பேசுவார், மற்றதையெல்லாம் நம்மைப்போலத்தான்.

விஷயம் இதுதான். தட்டம்மைத் தடுப்பு மருந்து பொடியாக வரும். ஒரு பாட்டிலில் பத்துக் குழந்தைகளுக்கானது இருக்கும். தண்ணீர் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும். ஒரு குழந்தைக்காகத் திறந்தால் ஒன்பது பங்கு குப்பைக்குப் போகலாம். தம்பியின் சானல் ஒருநாள் அந்தக் குப்பைத் தொட்டியைத்தான் படம் பிடித்தது. பின்னணியில் முரசு. 'குப்பையில் கொட்டப்படும் உங்கள் வரிப்பணம்!' அதற்கு ஒரு கேடயமும் கிடைத்தது. நாடு கொதித்தது, கொதித்த வேகத்தில் மேலிடம் சுற்றறிக்கை விட்டது: போதுமான குழந்தைகள் சேர்ந்தாலொழியப் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

"படம் எடுக்கறதுக்கு முன்னாடி அவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலையா?"

"கேட்கலை. ஏன்டான்னேன். 'உன்னைக் கேட்டா விளக்கம் சொல்லியிருப்பே. விளக்கம் சொல்லிட்டா செய்தி போயிடும்க்கா'ங்கறான்." சிரித்தார், உடனே குரல் ஏறியது. "நெருப்பணைக்கிற வண்டி நாள் பூரா சும்மா நிக்குது. வீண்னு யாராவது படம் எடுக்கறாங்களா? கொட்டின மருந்தைப் படம் பிடிக்கலாம், தொட்டியில கிடக்கும். 'கூட்டம் சேரட்டும், அப்புறம் வாங்க'ன்னு திருப்பி அனுப்பின குழந்தையை எங்கே போய்ப் படம் பிடிப்பான்? அது வீட்டுக்குப் போயிடுச்சே! சர்க்காரும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியற நஷ்டத்தை எண்ணும், தெரியாத நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது. இந்த டிப்போவுல காலி பஸ்கூட நேரத்துக்குக் கிளம்புது. நிரம்பினாத்தான் எடுப்பேன்னா அது வேன்காரன் பாலிசி சார், சுகாதாரப் பாலிசி இல்லை."

வேன் படியிலிருந்த இருவரும் டீயை நிறுத்திவிட்டு, தங்களைத்தான் சொல்கிறாரோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள், டிப்போவில் பஸ் கழுவுகிற பெண். முழங்கால்வரை சுருட்டிய கால்சட்டை, ரப்பர் செருப்பில் சளக் சளக் என்று தண்ணீர். இடுப்பில் ஒரு வயதுக்குக் கொஞ்சம் குறைவான குழந்தை. தலையில் தொப்பிக்குப் பதிலாக ஒரு காலுறை.

"டாக்டரம்மா, இன்னிக்காவது போடுவீங்களா? ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. நான் ஒருத்தி வந்தா கூட்டம் இல்லையாம். எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்தா கூட்டமாகுமா?"

"அவருக்கு ஊசி போட முடியாதே" என்றார் சிஸ்டர்.

"போடுங்க, நல்லது. வாய் கொஞ்சம் குறையும்." சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு உடம்பெல்லாம் செவந்து போய்க் கிடக்கு. கண்ணு திறக்கலை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே சுவருதான்."

டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். குழந்தையின் வாயை, கண்ணை, காதுக்குப் பின்னால் பார்த்தார். ஒன்றுமில்லை, இன்னும்.

"சிஸ்டர், எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"ஒண்ணு."

அதிகாரி தொப்பியைத் திருகினார். "டாக்டர், நான் சொல்லணும்னு சொல்லலை. ஆனால் சுற்றறிக்கைப்படி…"

"ஃப்ரிட்ஜ் போயிட்டா என்ன ஆகும்?" என்று நான் கேட்டேன்.

"இந்த வட்டாரத்துத் தாய்மார் எல்லாரும் ரெண்டு பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். போவாங்களா? ஒரு நாள் கூலியை விட்டுட்டு?" டாக்டர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு குழந்தைக்காகத் திறந்தால் நாளை வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் கதவு மூடலாம். திறக்காவிட்டால் இந்தக் குழந்தை அந்த ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கப் போகும்.

"சிஸ்டர், பாட்டிலை எடுங்க."

"டாக்டர்! வேன் நிக்குது!"

"நிக்கட்டும். இந்தப் பாட்டில் இன்னும் வீணாகலையே. சாயங்காலம்தானே தெரியும்?"

மூடி திறந்தது. பொடியில் தண்ணீர் கலந்தது. குழந்தை முதலில் ஆச்சரியப்பட்டு, பிறகு அவமானப்பட்டு, பிறகு டிப்போவில் இருந்த ஹாரன்களெல்லாம் வெட்கப்படும்படி அழுதது. பஸ் கழுவும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழுவு, அழுவு, எங்க குடும்பமே சத்தம்தான்" என்றாள். சிஸ்டர் பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். உள்ளே ஒன்பது குழந்தைகளுக்கான மருந்து. வெளியே ஒரு குழந்தையும் இல்லை.

அப்புறம் அந்த அறை எப்படி மாறியது என்கிறீர்கள்! பஸ் கழுவும் பெண் குழந்தையோடு வெளியே ஓடி, டிப்போ முழுக்கக் கூவினாள். சிஸ்டர் ஃபோனை எடுத்துத் தெரிந்த தாய்மாரையெல்லாம் அழைத்தார். பாதிப் பேர் வேலையில். ஒருத்தி, "கூட்டம் சேர்ந்ததும் சொல்லுங்க, வர்றேன்" என்று சுற்றறிக்கையையே திருப்பிப் படித்தாள். தபால்காரர் எழுந்து நின்று, "எனக்குப் போடுங்க, கணக்குல ஒண்ணு குறையும்" என்றார். டாக்டர் அவரை உட்கார வைத்தார். ஒரு டிரைவர் மனைவி இரட்டையரோடு வந்தாள். ஏழு பாக்கி. அதற்கு மேல் ஒருவரும் வரவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று, சுவரைப் பார்த்தார், சுவரில் கடிகாரம்.

டாக்டர் டி.வி.யை அண்ணாந்து பார்த்தார். பிளாஸ்திரிக்கு மேலே தம்பி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"நேரலையா அது?"

"இல்லை டாக்டர், காலையில பேசினது. மறுபடி போடறாங்க."

தம்பிக்கு ஃபோன் பறந்தது. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார், ரகசியம் அக்கா தம்பி இருவருக்குமே ஒத்துவராத சரக்கு.

"டேய், எனக்கு ஒரு வரி வேணும்."

"என்ன வரி?"

"கீழே ஓடுமே, அது."

 மறுமுனையில் வெடிச் சிரிப்பு. "எதைப் பிளாஸ்திரி போட்டு மூடினியோ அதுவா? அக்கா, நீயா பேசறே? யாராவது ரிக்கார்டு பண்ணுங்கப்பா!"

"பண்ணிக்கோ. உன் குப்பைத்தொட்டி கேடயத்தால வந்த வினை இது. வாசல்ல வேன் நிக்குது. டிப்போ கிளினிக்ல தட்டம்மை ஊசி, இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும், ஏழு குழந்தைங்களுக்கு மருந்து திறந்து இருக்கு. அவ்வளவுதான். ஒரு எழுத்து கூட்டக் கூடாது."

"எனக்கென்ன தருவே?"

"அக்காகிட்ட விலை பேசறியா?"

"பாதி விவாதம் பாக்கி வெச்சிருக்கே. அந்த நாற்காலி காலியா இருந்ததை இன்னும் ஊர் சிரிக்குது. வந்து மீதியை முடிச்சுக் கொடு. இடைவேளையில எழுந்து ஓடக் கூடாது."

"சரிடா. வர்றேன்."

"சத்தியமா?"

"வரியைப் போடுடா முதல்ல!"

எல்லாரும் டி.வி.யை நோக்கிக் கழுத்தைத் தூக்கினோம். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிளாஸ்திரி! சிஸ்டர் பஸ் இருக்கைமேல் ஏறி ஒரு முனையைப் பிய்த்தார். நன்றாக ஒட்டியிருந்தது; பாதிதான் வந்தது. அந்தப் பாதியில் சிவப்பு எழுத்துகள் எலி வால்போல ஓடி மறைந்தன: 'அதிரடி! டிப்போ கிளினிக்கில் தட்டம்மை ஊசி! ஏழு குழந்தைகளுக்கு மட்டுமே! முந்துங்கள்!'

"'அதிரடி' எதுக்குடா? 'மட்டுமே' யாருடா சொன்னா?" என்று ஃபோனில் கத்தினார் டாக்டர்.

"'அதிரடி' இல்லாம எங்க கம்ப்யூட்டர் வரியையே எடுக்காதுக்கா."

முதலில் ஒரு அப்பா வந்தார், மூச்சிரைக்க. பின்னாலேயே இரண்டு அம்மாக்கள், ஒருவரையொருவர் முழங்கையால் விலக்கியபடி. ஒரு பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் நேரே கிளினிக் வாசலில் வந்து நின்றது. படியிலிருந்து குழந்தைகள் கைமாறி இறங்கின. முடிவெட்டும் கடைக்காரர், தோளில் துண்டும் கையில் மகளுமாக, "ஏழுதானாம்! ஏழுதானாம்!" என்று கூவிக்கொண்டே வந்தார். இலவசம் என்றபோது வராதவர்கள், வீடு தேடிச் சொன்னபோது வராதவர்கள், ஏழுதான் என்றதும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

டாக்டர் இருக்கைமேல் ஏறினார். "யாரும் தள்ளாதீங்க! எல்லாருக்கும் இருக்கு. ஏழுன்னது திறந்த பாட்டில்ல. ஃப்ரிட்ஜ்ல நிறைய இருக்கு!"

கூட்டத்தின் முகம் சப்பென்று போயிற்று. "நிறைய இருக்கா?" என்றார் ஒருவர், ஏமாந்த குரலில். "அப்போ சாவகாசமா நாளைக்கு வரலாமே." இரண்டு பேர் நிஜமாகவே திரும்பினார்கள்.

அதிகாரி தொப்பியை எறிந்துவிட்டு எழுந்தார். "டாக்டர், ஏன் உண்மையைச் சொல்றீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்தது!"

சிஸ்டர்தான் டாக்டரின் காதில் ஏதோ ஓதினார். டாக்டர் ஒரு கணம் யோசித்தார். அவர் பொய் சொல்ல மாட்டார்; ஆனால் உண்மையில் எந்தத் துண்டை முதலில் பரிமாறுவது என்பதைத் தம்பியின் அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒரு பாட்டில்ல பத்துப் பேருக்குத்தான்!" என்று கூவினார். "திறந்தா சாயங்காலத்துக்குள்ள தீரணும்! இப்போ நடக்கிற பாட்டில்ல ஏழு!"

திரும்பிய இருவரும் திரும்பத் திரும்பினார்கள். சுமைதூக்குபவர்கள் வேன் கயிற்றை அவிழ்த்து வரிசைக்குக் கட்டினார்கள். தபால்காரர் பழைய தொழில் நினைவில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் விலாசத்தோடு கூப்பிட்டார். அழுகை ஒரு குழந்தையிடமிருந்து அடுத்ததற்கு, ஊசிக்கு முன்னாலேயே, தொற்றிக்கொண்டது. முதல் பாட்டில் தீர்ந்தது. இரண்டாவது திறந்தது, தீர்ந்தது. மூன்றாவதை அதிகாரியே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நீட்டினார். எதைத் தூக்கிப் போக வந்தாரோ அதன் கதவைத் திறந்து மூடுகிற உத்தியோகம் அன்று அவருக்கு. இருந்த மருந்து போதுமா என்று பயந்து பெரியாஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, "அவசரம்" என்று அதட்டியதும் அவரேதான்.

வெயில் இறங்கியபோது வரிசை கரைந்தது. கடைசியாகத் திறந்த பாட்டிலும் கடைசிக் குழந்தையோடு சரியாக முடிந்தது. ஒரு சொட்டு வீணில்லை! சிஸ்டர் காலிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். ஊரே கைதட்டியது. அதிகாரி தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்தார். சுமைதூக்குபவர்களில் ஒருவர் வேன் சாவியைத் திருகினார்.

அப்போது ஒரு தச்சர் வந்தார். சட்டையெல்லாம் மரத்தூள், தோளில் தூங்குகிற சின்னப் பெண். "ரெண்டு பஸ் மாறி வர்றேன். நேரமாயிடுச்சா? டி.வி.ல வரி நின்னு போச்சு, ஆனாலும் வந்து பார்ப்போம்னு வந்தேன்."

கைதட்டல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு குழந்தை. புதுப் பாட்டில். இனி யாரும் வரப்போவதில்லை. முன்பு நின்ற அதே இடத்தில் மறுபடி நின்றோம், வேன்கூட அப்படியே.

அதிகாரி ஃப்ரிட்ஜைப் பார்த்தார். தச்சரைப் பார்த்தார். குழந்தையின் தொங்குகிற காலைப் பார்த்தார். "நான் டீ குடிச்சிட்டு வர்றேன். இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

"சார், அது என் வசனம்" என்றார் டாக்டர், பாட்டிலைத் திறந்துகொண்டே.

டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா? அதிகாரி டீ குடித்துத் திரும்பியதும், அன்றைய கணக்கில் 'கொட்டியது ஒன்பது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். "டாக்டர், நான்தான் பார்க்கலைன்னேனே!" என்று அதிகாரி கெஞ்சினார். "நீங்க பார்க்கலை, நான் பார்த்தேன். மறைச்சா வீண்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இது வீண் இல்லை, விலை." அதிகாரி பெருமூச்சு விட்டு, "இதை அடுத்த வாரம் பார்க்கிறேன்" என்று ஓரத்தில் எழுதினார். சர்க்கார் பாஷையில் அதைவிடப் பெரிய கருணை கிடையாது. வேன் வெறும் வண்டியாகப் போயிற்று.

அன்று எட்டு மணிச் செய்தியில் தம்பி முழங்கினார்: 'தடுப்பூசிக்கு அலைமோதும் கூட்டம்! மருந்துத் தட்டுப்பாடா?'

மறுநாள் டாக்டர் புதுப் பிளாஸ்திரி வாங்கினார். ஆனால் பிய்த்த பாதிமேல் மட்டும் ஒட்டவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

மறுவாரம் போனேன். சுற்றறிக்கை அப்படியே இருந்தது. ஃப்ரிட்ஜும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காததுபோல ஒரே அறையில் குடித்தனம் நடத்தின. பஸ் கழுவும் பெண்ணின் குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையும் கண் திறந்து பால் குடிப்பதாகச் சொன்னாள். அவசரமாகத் திரும்பினாள், வாசலில் ஒரு பஸ் பாதி நுரையோடு நின்றது.

மணி அடித்தது. டாக்டர் ஃபோனின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளினார். "தம்பி. நோயாளி இருக்காங்கன்னு சொல்லுங்க."

சுற்றிப் பார்த்தேன். இருக்கைகள் காலி. "யாருமே இல்லையே டாக்டர். நான் பொய் சொல்லணுமா?"

"சொல்ல வேண்டாம்" என்று என் சட்டைக் கையை மேலே ஏற்றி, பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றி, காற்றடிக்கத் தொடங்கினார். "இப்போ சொல்லுங்க."

"சார், அக்கா என்னிக்கு வர்றாங்க?" என்றது ஃபோன். "நாற்காலி போட்டபடி இருக்கு. ஒரு வரி வாங்கினாங்க சார், பாதி விவாதம் தரணும்!"

வெளியே ஒரு பஸ் கிளம்பியது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை என் முழங்கை மடிப்பில் வைத்து, உதட்டில் விரல் வைத்தார். "உஸ்ஸ். பஸ் போகட்டும்."